பிரபஞ்சம் எந்த மாடி?

அறிவில் என்னைக் கொண்டு பிறந்த என் தங்கை மகளுக்கு, தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நான் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே போகாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். அப்படி இல்லையென்றாலும், அப்படித்தான் என்று பதில் எழுதவும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடந்தது அத்தனையையும் நான் முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. போன வருஷம் நீ அந்தக் கோட்டுப் படத்தைப் போனில் காட்டி, "மாமா, பாருங்க, இந்த ஓரத்துல கோடு இறங்கணும், ஆனா ஏறுது. யாருமே பார்க்காதது இது" என்று குதித்தாயே, அப்போது நான் என்ன சொன்னேன்? "ஒரு தட்டு தட்டிப் பாரு" என்றேன். நீ சிரித்தாய். இப்போது உங்கள் பெரியவர், அந்த ஆராய்ச்சிக் கூடமே யார் பேச்சைக் கேட்டு நடக்கிறதோ அந்தப் பெரியவர், என்ன சொல்லியிருக்கிறார்? அந்த ஏற்றம் வானத்துடையது இல்லை, நடுவில் நிற்கும் நட்சத்திரக் கூட்டத்துடையது, திருத்திக் கொண்டு வா என்கிறார். வார்த்தை வேறு, விஷயம் ஒன்றுதான். நான் படிப்பை எட்டாவதோடு நிறுத்திக்கொண்டதால்தான் அவர் அந்த நாற்காலியில் உட்கார முடிந்தது. இதை அவரிடம் சொல்ல வேண்டாம், மனசு கஷ்டப்படுவார்.

போனில் சொல்லக்கூடாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை அடித்தளத்திலிருந்து கட்டி மேலே எழுப்பும் நேரத்தில் நீ நடுவில் புகுந்து, "நெஜமாவா மாமா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுகிறாய். கட்டியது மொத்தமும் சரிந்துவிடுகிறது. கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது.

போன வாரம் நீ பேசியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. "ஒரு வருஷ உழைப்பு மாமா. கண்டுபிடிச்சிட்டேன்னு நெனச்சேன். கடைசியில பார்த்தா கூட்டத்தோட இரைச்சல்" என்றாய். அப்புறம், பனியைத் தவிர வேறு எதுவுமே இல்லாத உலகத்தின் கடைசிக் கோடிக்கு, அங்கே இருக்கும் தொலைநோக்கியைப் பார்த்துக்கொள்ள உன்னை அனுப்புகிறார்கள் என்றாய். குளிர் இறங்கிவிட்டால் அது முடிகிற வரைக்கும் அங்கே விமானம் போகவும் போகாது வரவும் வராது என்றாய். அதற்கு முன்னால் லீவு போட்டு இங்கே வரட்டுமா, மாதக் கடைசிக்குள் ஆபீசில் சொல்ல வேண்டும் என்றாய். எல்லாவற்றுக்கும் மேலே, "அந்தப் புது வீட்டுல தனியா இருக்கீங்களா மாமா?" என்று வேறு கேட்டாய்.

தனியாவா? நானா? "இங்க நிக்கவே இடமில்ல, நீ எங்க வந்து தங்குவ" என்று சொல்லி அப்போதைக்கு வைத்துவிட்டேன். நீ நம்பவில்லை என்பது நீ "சரி" என்று சொன்ன இழுப்பிலேயே தெரிந்தது. அதனால்தான் இந்தக் கடிதம், தக்க ஆதாரங்களுடன்.

நீ படிக்கப் போன பிறகு நான் மாறி வந்த இந்தக் கட்டடத்தை நீ பார்த்ததில்லை. அடுக்கடுக்காக வீடுகள், தாழ்வாரம் நெடுக ஒரே மாதிரிக் கதவுகள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் எனக்கு வேண்டியவர்கள். மேல் வீட்டில் நாற்காலிக்காரர். காலையில் எழுந்ததும் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப் போட்டு உட்காருவார், அந்தச் சத்தத்தில்தான் நான் பல் தேய்க்கவே போவேன். சுவருக்கு அந்தப் பக்கம் மீன்தொட்டி அம்மா. தொட்டிக்குக் காற்று விடுகிற மோட்டார் நாள் முழுக்கக் குளுகுளுவென்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும். கீழ் வீட்டில் தும்மல்காரர். தும்மினால் மூன்று, இரண்டோடு அவர் நிறுத்தியதாகச் சரித்திரம் இல்லை. இந்த மூன்று பேரும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எந்தக் காரியத்திலும் இறங்க மாட்டார்கள். அது எனக்கே சில சமயம் தொந்தரவுதான், என்ன செய்வது, பழகிவிட்டோம்.

உன் கஷ்டத்தை இவர்களிடம் சொன்னேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று நீ சொன்னது நினைவில் இருந்தது. அதனால் ரகசியமாக எல்லோரையும் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். நாற்காலிக்காரர் ஒருவரைத் தவிர கட்டடமே வந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி மேலெல்லாம் ஆள். நான் கையைத் தூக்கினேன், பேச்சு நின்றது. எல்லாம் ஆரம்பித்த காலத்தில் இருந்த வெளிச்சம் ஆறி ஆறி, கண்ணுக்குத் தெரியாத அலையாக இன்னும் வானம் முழுக்க மிச்சம் இருக்கிறது, அதில் இந்த இடம் ஒரு துளி சூடு, அந்த இடம் ஒரு துளி குளிர்ச்சி, அந்த வித்தியாசத்தை அளப்பதுதான் என் மருமகளுக்கு வேலை என்று எடுத்துவிட்டேன். மீன்தொட்டி அம்மா உடனே கேட்டார்.

"ஆறிப்போனத அளந்து என்ன பண்ணுறதுங்க?"

"எப்ப அடுப்புல வச்சதுன்னு சொல்லிடலாம்மா."

அந்த அம்மாவுக்கு அந்த நிமிஷமே பிடிபட்டுவிட்டது. உனக்கு எத்தனை வருஷம் ஆயிற்று, யோசித்துப் பார். அப்புறம் உன் பிரச்சினைக்கு வந்தேன். அந்தப் பழைய வெளிச்சத்துக்கும் நமக்கும் நடுவே தூரத்தில் நட்சத்திரக் கூட்டங்கள் கிடக்கின்றன. பளிச்சென்று தெரிவதையெல்லாம் படத்தில் வட்டம் போட்டு மூடிவிடுகிறீர்கள். ஆனால் தெரிகிறதைத்தானே மூட முடியும்? தனியாகப் பார்த்தால் இருப்பதே தெரியாத மங்கல்கள் கணக்கில்லாமல் இருக்கின்றன. அதில் எந்த ஒன்றாலும் ஒரு சங்கடமும் இல்லை. எல்லாம் சேர்ந்து கோட்டின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்கின்றன. அந்த ஏற்றத்தை வானத்தின் ஏற்றம் என்று நம்பிவிட்டால், எல்லாம் எப்படி ஆரம்பித்தது என்கிற கணக்கே நகர்ந்துபோகும். இதைச் சொன்னதும் மாடியில் "ஐயையோ" என்று ஒரு முனகல் ஓடியது.

தும்மல்காரர்தான் எழுந்தார். "அதுங்கள அணைச்சிட்டா?"

நான் உன்னிடம் கேட்ட அதே கேள்வி. அறிவாளிகள் ஒரே மாதிரிதான் யோசிப்பார்கள். நீ அன்றைக்குச் சொன்ன பதிலை மறக்கவில்லை: "அணைக்க முடியாது மாமா. வேற வேற அலைவரிசையில பார்த்தா அதுங்க பலம் வேற மாதிரி மாறும், அத வச்சு எவ்வளவு இருக்கும்னு மதிப்புப் போட்டுக் கணக்குல கழிக்கத்தான் முடியும். கம்மியாக் கழிச்சா இரைச்சல் மிஞ்சும். அதிகமாக் கழிச்சா உண்மையும் சேர்ந்து போயிடும்." அது உங்கள் வழி. படித்தவர்கள் சுற்றிக்கொண்டுதான் போவீர்கள். நான் இந்தக் கட்டடத்தையே அணைத்துக் காட்டுகிறேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்குகிற பரம்பரையா நம்முடையது.

என் தொழில் உனக்குத் தெரியும். விழா மண்டபங்களில் ஒலிபெருக்கி கட்டிய கை இது. மற்றவர்கள் கூட்டம் வந்த பிறகு மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்பார்கள். நான் ஆள் வருவதற்கு முன்பே போய், மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, நடுவில் நின்று வெறும் மண்டபத்தை அளப்பேன். வெறும் மண்டபத்துக்கும் ஒரு சத்தம் உண்டு. அது எவ்வளவு என்று தெரிந்தால்தான், அப்புறம் பாடுகிறவர் எவ்வளவு பாடுகிறார், மண்டபம் எவ்வளவு பாடுகிறது என்று பிரிக்க முடியும். இதை நான் செய்துகொண்டிருந்த காலத்தில் உங்கள் பெரியவர் அரைக்கால் சட்டையில் இருந்திருப்பார். அந்த முள் ஆடுகிற மீட்டர் இன்னும் என்னிடம் இருக்கிறது. சின்னப் பிள்ளையில் அதன் முன்னால் நின்று கத்தி, முள்ளைக் கடைசிக்கு அனுப்பிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாயே, அதே மீட்டர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆரம்பித்தேன். முதலில் பெரிய சத்தங்கள். துணி துவைக்கிற மெஷின், மிக்ஸி, டிவி, தண்ணீர் மோட்டார், எல்லாம் என் ஒரு சைகையில் நின்றன. முள் தடாலென்று பாதிக்கு இறங்கியது, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. சரி, சின்னச் சத்தங்களைத் தனித்தனியாகப் பிடிக்க வேண்டியதுதான் என்று கதவு கதவாகக் கிளம்பினேன். நாற்காலிக்காரர் கூட்டத்துக்கு வராதவர், அவருக்கு ஒன்றுமே தெரியாது. கதவைத் தட்டினேன்.

"சார், கொஞ்ச நேரம் நாற்காலியை இழுக்காம இருக்கணும்."

"என் நாற்காலி. நான் இழுப்பேன், தள்ளுவேன், தலைமேல தூக்கி வச்சுக்குவேன். உங்களுக்கு என்ன?"

"எனக்கில்ல சார். பிரபஞ்சத்துக்கு."

"பிரபஞ்சமா? எந்த மாடி அவரு?"

"எல்லா மாடியும் சார்."

"ஓனரா?" என்று கேட்டவர், அப்புறம் நாற்காலி பக்கமே போகவில்லை. நான் திரும்பி வருகிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தாராம்.

மீன்தொட்டி அம்மாவிடம் மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். "மீன் மூச்சுக்கு என்னங்க பண்ணும்?" என்றார். "அதுவரைக்கும் கரண்டியால கலக்கிக்கிட்டே இருங்கம்மா, ஆனா சத்தம் வரக்கூடாது" என்றேன். "சத்தம் வராம எப்படிக் கலக்கறது? உங்க வீட்டுல அப்படித்தான் கலக்குவாங்களா?" என்று மடக்கினார். "எங்க வீட்டுல கலக்க ஆளே இல்லம்மா" என்று வாயில் வந்துவிட்டது. உடனே சுதாரித்துக்கொண்டு, "ஆள் ஏகப்பட்ட ஆள் இருக்காங்க, கரண்டிதான் இல்ல" என்று சமாளித்தேன். அந்த அம்மா அப்படியா என்று கலக்க ஆரம்பித்தார். கீழே தும்மல்காரர் நாட்டுக்காகத் தியாகம் செய்கிற மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் தும்மலை விழுங்கினார், கண் சிவந்தது என்று வைத்துக்கொள். இரண்டாவதையும் விழுங்கினார். மூன்றாவது, விழுங்கிய இரண்டையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தது. முள் கடைசிக்கு ஓடி முட்டிக்கொண்டு நின்றது, மீட்டரைக் குலுக்கித்தான் திரும்ப வரவழைத்தேன். அப்புறமும் முள் இறங்கவில்லை. இனி என்ன பாக்கி என்று காதைக் கொடுத்தால், எங்கேயோ ஒரு ஃபிரிட்ஜ், எங்கேயோ ஒரு கடிகாரம், குழாய்ச் சொட்டு, யாரோ புத்தகத்தில் பக்கம் திருப்புகிறார்கள், யாரோ கொட்டாவி விடுகிறார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் மீட்டரை நீட்டினால் முள் அசைவதே இல்லை. ஆனால் எல்லாமாகச் சேர்ந்து அதைக் கீழே விட மாட்டேன் என்கின்றன. நீ ஒரு வருஷம் கணினியில் துரத்தினதை நான் தாழ்வாரத்தில் கையால் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

நேரே படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற மின்பெட்டி அறைக்குப் போய், மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டேன். கட்டடம் மொத்தமும் கப்சிப். அந்த நேரம் பார்த்துக் கட்டடப் பொறுப்பாளர் லிப்டுக்குள் இருந்திருக்கிறார். அது அவர் பிழை, நான் அவரை ஏறச் சொல்லவில்லை.

"யாருய்யா அது கரண்ட நிறுத்தினது?" என்று உள்ளேயிருந்து குரல்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார். அளந்துக்கிட்டு இருக்கேன்."

"என்னத்தய்யா அளக்கற?"

"வெறும் கட்டடத்த. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

அதற்குமேல் அவர் பேசியதை உனக்கு எழுத முடியாது. நீ கல்யாணம் ஆகாத பெண். வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரம் பேசினார், இப்போது அந்த அறைக்குப் புதுப் பூட்டுப் போட்டிருக்கிறார். ஆராய்ச்சிக்காரர்களை உலகம் எப்போது மதித்திருக்கிறது. ஆனால் அவர் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு கணம் கிடைத்தது. அந்த ஒரு கணத்தில் முள் பூஜ்யத்தைத் தொட்டது. என் கண்ணால் பார்த்தேன். ஆகவே உங்கள் பெரியவர் சொன்னது சரி, அதாவது நான் சொன்னது சரி. அந்த ஏற்றம் கூட்டத்தால் வந்ததுதான், உன் கையில் பிழை இல்லை. மங்கலாக இருக்கிறவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது ஒரு குற்றமா, அவர்கள் தெரியும்படியாகவா நிற்கிறார்கள். எழுதினதைத் திருத்தி எழுது, தலையை நிமிர்த்திக்கொண்டு எழுது. வானத்துக்கும் ஒரு மெயின் சுவிட்ச் இருக்கும், படிக்கட்டுக்குக் கீழே தேடச் சொல்.

இதிலிருந்து உனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்திருக்கும். இவ்வளவு பேர் சூழ இருக்கிற ஒரு மனுஷனைப் பார்க்க நீ லீவு போட்டு வர வேண்டிய அவசியமே இல்லை. வந்தாலும் என்னிடம் பேச உனக்கு முறை கிடைக்காது. சோபாவில் எப்போதும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், படுக்கையை விரித்தால் அதில் யாராவது வந்து உட்காருவார்கள். ஆகவே வர வேண்டாம், லீவு தேவையில்லை என்று ஆபீசில் சொல்லிவிடு. நேராகப் பனி ஊருக்குப் போ, காதை மூடிக் கட்டிக்கொள், அங்கே இருக்கிற தொலைநோக்கியை வீட்டுப் பொருள் மாதிரி பார்த்துக்கொள். உன் அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லி அனுப்பியிருப்பாளோ அதையும், அவளுக்குச் சொல்லத் தெரியாததையும் சேர்த்து நானே உனக்குச் சொன்னதாக வைத்துக்கொள். நீ தொட்ட கணக்கெல்லாம் நேராக வரட்டும், பனியில் உன் கால் வழுக்காமல் இருக்கட்டும், உன் பெரியவருக்கு நல்ல புத்தி நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
நிறைந்த வீட்டிலிருந்து,
உன் மாமா.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு, மறுபடி பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியதில் ஒரே ஒரு விவரம் மட்டும் என் கைச்சரக்கு. மெயின் சுவிட்சை இழுத்தது நடந்தது. பொறுப்பாளர் லிப்டில் மாட்டியது, திட்டியது, பூட்டு, எல்லாம் நடந்தது. நடக்காதது ஒன்றுதான். நான் எந்தக் கதவையும் தட்டவில்லை.

அதை எடுத்துவிட்டால் மேலே என்ன மிஞ்சும் என்று எனக்கும் தெரியும். நாற்காலியைக் கேட்டிருக்கிறேன், நாற்காலிக்காரரைப் பார்த்ததில்லை. தும்மல் கேட்டால் மூன்று வரைக்கும் கூடவே எண்ணுவேன், அவ்வளவுதான் எங்கள் பழக்கம். குமிழி விடுகிற சத்தம் மீன்தொட்டிதானா என்றுகூடத் தெரியாது. ஒருவர் முகத்தைப் பற்றியும் நான் எழுதவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய், அளக்கிறவள் அல்லவா. மொட்டை மாடியில் நான் பேசியது, காயப்போட்ட என் வேட்டிக்கு முன்னால். யார் எவர் என்று பிரிக்க முடியாமல் எல்லாம் சேர்ந்து சுவர் வழியாக வரும். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது இல்லாமல் எவ்வளவு இருக்கும் என்று பார்க்கத்தான் அன்றைக்கு நிறுத்தினேன்.

முள் இறங்கியது. பூஜ்யத்தைத் தொட்டதா என்று பார்க்க நான் நிற்கவில்லை. எத்தனையோ வெறும் மண்டபத்தில் தனியாக நின்றிருக்கிறேன். அங்கெல்லாம் சாயங்காலம் ஆள் வரும் என்று தெரியும். சுவிட்சை மேலே தள்ளிவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு மேலே வந்தால், தாழ்வாரத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "உங்க வீட்டுலயும் போச்சாங்க?" என்றார். "போச்சுங்க" என்றேன். "வந்துடுச்சா?" "வந்துடுச்சுங்க." கதவைச் சாத்திக்கொண்டார். லிப்டில் இருந்தவரைச் சேர்க்காவிட்டால், இந்தக் கட்டடத்தில் நான் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்றாயே. மேலே "வர வேண்டாம்" என்று மையால் எழுதிவிட்டேன், இனி அதை அணைக்க முடியாது. நீதான் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். வந்ததும் முதல் வேலையாக மேல் வீட்டுக்குப் போவோம். நீ கதவைத் தட்டு. பேசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.